சிம்லாவில் தூரத்தைக் கேட்காதீர்கள், உயரத்தைக் கேளுங்கள்

சிம்லாவில் ஒரு இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் கிடைக்கும் பதிலால் பெரிய பயன் இல்லை. அது நமக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, நடுவில் படிக்கட்டா சாய்வுப் பாதையா என்று கேட்க வேண்டும். முழங்கால் வலியுள்ள அப்பாவை அழைத்துக்கொண்டு போய்வந்த பிறகு, மலை ஊருக்குக் கிளம்புகிறவர்கள் யார் யோசனை கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். நடை வசதிக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஊரின் வரலாறே இந்த மேல்-கீழ்க் கணக்கில்தான் இருக்கிறது. உச்சியில் ரிட்ஜ் என்கிற அகலமான திறந்தவெளி. அதை ஒட்டி மால் ரோடு. அதற்குக் கீழே லோயர் பஜார். இன்னும் கீழே வண்டிகள் ஓடும் கார்ட் ரோடு. வெள்ளைக்காரர் காலத்தில் யார் எந்த அடுக்கில் உலாவலாம், யார் எந்த அடுக்கில் குடியிருக்கலாம் என்பது ஏறக்குறைய முடிவான விஷயம். இதைத் தெரிந்துகொண்டு போனால் சிம்லாவின் ஒவ்வொரு கட்டடமும் நம்மிடம் பேசும். தெரியாமல் போனால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம்.

1864இல் வைஸ்ராய் ஜான் லாரன்ஸ் காலத்தில் சிம்லா கோடைத் தலைநகரம் ஆனது. நம் ஊட்டியும் சென்னை மாகாணத்துக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் இங்கே மலையேறியது ஒரு மாகாணம் அல்ல, பர்மா வரை பரந்து கிடந்த ஒரு சாம்ராஜ்யத்தின் முழு அரசாங்கம். வெயில் தொடங்கும்போது கல்கத்தாவிலிருந்து கோப்புகள், குமாஸ்தாக்கள், குடும்பங்கள், பியானோக்கள் எல்லாம் கிளம்பும். குளிர் வரும்போது திரும்ப இறங்கும். மலைக்கு ரயில் வந்தது 1903இல்தான். அதுவரை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இவ்வளவு சாமானையும் மாட்டுவண்டியும் கோவேறு கழுதையும் மனித முதுகும்தான் மேலே சேர்த்தன.

அதனால் சிம்லாவுக்கு முதல்முறை போகிறவர்கள், ஏறும்போதாவது ரயிலில் ஏறுங்கள். சண்டிகரிலிருந்து காரில் போனால் சீக்கிரம் போய்விடலாம், சரி. ஆனால் இந்த ஊருக்குப் போக எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது என்பது கார் கண்ணாடி வழியே தெரியாது. மலையடிவாரத்துக் கால்காவிலிருந்து சிம்லா வரை பாதை 96 கிலோமீட்டர். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 762 மில்லிமீட்டர்தான். வழியில் மலையைக் குடைந்த 102 குகைகள், 800க்கும் மேற்பட்ட பாலங்கள், 900க்கும் மேற்பட்ட வளைவுகள். கால்காவில் கடல் மட்டத்திலிருந்து 656 மீட்டர் உயரத்தில் புறப்பட்டு, சிம்லா நிலையத்தில் 2,000 மீட்டரைத் தாண்டி நிற்கிறோம்.

அப்பா எழும்பூர் ரயில் நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்ததும் அவருக்கு வந்த முதல் சந்தேகம், "பல்சக்கரம் எங்கேம்மா?" என்பதுதான். மேட்டுப்பாளையம்–ஊட்டி ரயில் தண்டவாளத்தின் நடுவே பல்வரிசையைக் கவ்விக்கொண்டு ஏறுவதைப் பார்த்துப் பழகியவர் கேட்பது நியாயம். நீலகிரியில் சில இடங்களில் 12 அடி ஓடினால் ஓர் அடி ஏற வேண்டும். வழுக்காமல் இருக்கப் பல்சக்கரம் தேவை. கால்கா பாதையில் ஏற்றம் 33 அடிக்கு ஓர் அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு விலையாகத்தான் இத்தனை வளைவுகளும் குகைகளும். மலையை நேராக ஏறாமல் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. பள்ளத்தாக்குகளைத் தாண்ட இரும்புத் தூண்களை விடக் கல் வளைவுகளையே அதிகம் நம்பியிருக்கிறார்கள். கனோ நிலையத்துக்கு அருகே நாலு அடுக்காக வளைவுகள் எழும்பி நிற்கும் பாலம் வரும்போது கைபேசியை ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள். நீலகிரி ரயிலும் இதுவும் டார்ஜிலிங் ரயிலும் சேர்ந்துதான் யுனெஸ்கோ பட்டியலில் 'இந்திய மலை ரயில்கள்' என்று இருக்கின்றன. டார்ஜிலிங் 1999, நீலகிரி 2005, இது 2008.

பாரோக் நிலையத்தில் வண்டி சற்று நேரம் நிற்கும். கட்லெட்டும் டீயும் கிடைக்கும். நிலையத்தை ஒட்டியிருப்பதுதான் பாதையிலேயே நீளமான குகை, 1,143 மீட்டர். பாரோக் என்ற பொறியாளர் இரண்டு பக்கமிருந்தும் தோண்ட, நடுவில் இரண்டும் சந்திக்கவில்லை என்றும், அவருக்கு ஒரு ரூபாய் அபராதம் விதித்தார்கள் என்றும், அவமானம் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் ஒரு கதை அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. பிறகு வேறு இடத்தில் குகை போட வழிகாட்டியவர் பல்கு என்ற உள்ளூர்க்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கையிலிருந்த தடியால் பாறையைத் தட்டி ஓசையை வைத்தே இடம் சொன்னார் என்று கதை தொடரும். கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சேர்த்தது என்பது ஒரு பக்கம். நிலையத்துக்குப் பெயர் பொறியாளருடையது. பல்குவின் பெயரில் சிம்லாவில் ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகம் வந்தது நம் காலத்தில்தான். அதையும் நேரம் இருந்தால் பாருங்கள். ரயில்காரர் வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு அங்கே பொழுது போவதே தெரியாது.

ரயில் பயணம் ஐந்து ஆறு மணி நேரம் ஆகும். ஹவுராவிலிருந்து டெல்லி வழியாக வரும் நேதாஜி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் கால்கா சேரும். அதையொட்டி மலை ரயில் கிளம்பும் என்பதால் டெல்லியில் இரவு ஏறினால் வசதி. இருக்கைகள் குறைவு. கோடை விடுமுறைக்கு முன்பதிவு திறந்த உடனே வாங்கிவிட வேண்டும்.

சிம்லா நிலையத்தில் இறங்கியதும் அடுத்த கேள்வி சாமான். மால் ரோட்டில் தனியார் வண்டிகள் போக முடியாது. நாங்கள் பதிவு செய்த விடுதியில் "மால் ரோட்டிலிருந்து ஐந்து நிமிட நடை" என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து நிமிடம் என்பது பொய்யில்லை, ஆனால் அது செங்குத்தான படியில் இறங்கும் ஐந்து நிமிடம். ஏறும்போது அப்பாவுக்கு அரை மணி ஆனது. அடுத்த நாளே மேலே வேறு இடத்துக்கு மாறினோம். ஆகவே விடுதிக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: மால் ரோட்டுக்கு மேலேயா கீழேயா? வண்டி எதுவரை வரும்? அங்கிருந்து எத்தனை படி? படிக்குக் கைப்பிடி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

கார்ட் ரோட்டிலிருந்து மாலுக்கு சுற்றுலாத் துறை லிஃப்ட் இருக்கிறது. கட்டணம் சொற்பம். இரண்டு கட்டமாக மேலே கொண்டுவிடும். வெளியூர்க்காரர்கள் பலர் இதை ஒரு வேடிக்கையாக நினைக்கிறார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது தினசரிப் போக்குவரத்து. வயதானவர்களுக்காக, மற்ற வண்டிகள் போகக் கூடாத சாலைகளிலும் அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறு வண்டிகள் ஓட்டுகிறது. இதையும் விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா நாலு இடம் அதிகமாகப் பார்த்தது இந்த இரண்டாலும்தான்.

சாமானைச் சுமக்க 'கான்' என்று ஊரார் அழைக்கும் சுமைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் காஷ்மீரிலிருந்து வந்தவர்கள். முதுகில் சாமானை வைத்து கயிற்றால் கட்டி, குனிந்தபடி ஏறுவார்கள். எங்கள் பெட்டிகளை எடுத்தவர் அப்பாவை "பாபூஜி" என்று கூப்பிட்டு, அவர் நடைக்கு ஏற்றாற்போல் தானும் நின்று நின்று ஏறினார். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அது இருவருக்கும் நல்லது. ஆனால் பேசும்போது நாம் வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும் படி அது என்பதை நினைத்துப் பேசுங்கள். பத்து ரூபாய் குறைக்கப் போராடும் இடம் அதுவல்ல.

மால் ரோட்டின் பழைய கதையும் இவர்களைப் போன்றவர்களோடு சேர்ந்ததுதான். அக்காலத்தில் அந்தச் சாலையில் குதிரை வண்டி ஓட்டும் உரிமை மூன்றே பேருக்கு: வைஸ்ராய், படைத் தலைவர், பஞ்சாப் கவர்னர். மற்ற துரைகளும் துரைசானிகளும் குதிரையில் போனார்கள், அல்லது ரிக்‌ஷாவில். சிம்லா ரிக்‌ஷாவுக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், ஆக நாலு ஆள். சாயங்காலம் துரைமார் உலாவும் நேரத்தில் மூட்டை சுமப்பவர்கள் மாலில் கால் வைக்கக் கூடாது என்று விதியே இருந்தது. அவர்கள் கீழே லோயர் பஜார் வழியாகத்தான் போக வேண்டும். இன்று மாலில் எல்லோரும் நடக்கிறார்கள். தொப்பியும் ஸ்வெட்டருமாகப் பள்ளிப் பிள்ளைகள், ஐஸ்கிரீமோடு புதுமணத் தம்பதிகள், அலுவலகம் விட்டு வருகிறவர்கள். ஊரார் சாயங்காலம் மாலின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும், திரும்ப இந்த முனைக்கும் சும்மா நடப்பார்கள். அந்த நடையில் நாமும் கலந்துகொள்வதுதான் சிம்லாவில் காசு செலவில்லாத, சிறந்த நிகழ்ச்சி என்பேன்.

ஆனால் மாலோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு கடைகளுக்கு நடுவே இறங்கும் ஏதாவது ஒரு படியைப் பிடித்து லோயர் பஜாருக்கு இறங்குங்கள். தோள் உரசும் அளவுக்கு ஒடுக்கமான தெரு. காய்கறி, பாத்திரம், கம்பளி, மருந்து, மிட்டாய் எல்லாம் அங்கேதான். சூடான குலாப் ஜாமூனும், மாலில் கேட்பதை விடக் குறைந்த விலையில் கம்பளிக் காலுறையும் கிடைக்கும். தலையை உயர்த்திக் கட்டடங்களைப் பாருங்கள். மரச் சட்டங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் அடைத்த பழைய சுவர்கள் இன்னும் சில இருக்கின்றன. 'தஜ்ஜி' முறை என்று பெயர். நிலநடுக்கத்தில் மரச்சட்டம் அசைந்து கொடுக்கும், சுவர் மொத்தமாகச் சரியாது. 1905இல் காங்ராவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வந்த மலைப்பகுதி இது. அந்தச் சுவர் எவ்வளவு யோசித்துக் கட்டியது என்பது அப்போதுதான் புரியும். பக்கத்திலேயே சாய்வில் ஆறேழு மாடி கான்கிரீட் எழும்பி நிற்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

ரிட்ஜில் எல்லோரும் கிறிஸ்து தேவாலயத்தின் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1857இல் அர்ச்சிக்கப்பட்ட தேவாலயம். வழிபாடு இல்லாத நேரத்தில் உள்ளே போய் வண்ணக் கண்ணாடிகளையும் பாருங்கள். ஆனால் எனக்கு ரிட்ஜே பெரிய ஆச்சரியம். அது ஒரு மலை முதுகு. ஒரு பக்கம் விழும் மழை சட்லெஜ் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது, மறுபக்கம் விழுவது யமுனை வழியாக வங்கக்கடலுக்கு. நாம் நிற்கும் தளத்துக்கு அடியில் வெள்ளைக்காரர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஊருக்குத் தண்ணீர் இன்னும் அதிலிருந்து போகிறது. 1971 ஜனவரி 25 அன்று இதே ரிட்ஜில், பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, இமாச்சலப் பிரதேசம் தனி மாநிலம் ஆகிறது என்று இந்திரா காந்தி அறிவித்தார். மலைமக்கள் நகர முடியாத அளவு கூடி நின்று கேட்டார்கள். துரைமாரின் உலாவிடம் அன்றைக்குத்தான் முழுசாக ஊர்க்காரர்கள் கைக்கு வந்தது என்று நான் நினைக்கிறேன்.

கெயிட்டி தியேட்டர் என்ற நாடக அரங்கத்துக்கும் வைஸ்ராய் மாளிகைக்கும் போகும்போது சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது. இரண்டையும் வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். சிம்லா வேலையை முடித்துக்கொண்டு அவர் சென்னைக்கு வந்தார். உயர் நீதிமன்றக் கட்டடம், கன்னிமாரா நூலகம், விக்டோரியா நினைவு மண்டபம், எழும்பூர் ரயில் நிலையம் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. மைசூர் அரண்மனையும் அவர் வடிவமைத்ததுதான். இதைச் சொன்னதும் அப்பா அப்படியே நின்றுவிட்டார். தினமும் படியேறி இறங்கிய கட்டடத்தை வரைந்த மனிதர் இங்கேயும் இருந்திருக்கிறாரே என்று அவருக்கு ஒரு பரவசம். அதற்கப்புறம் முழங்கால் வலியைப் பற்றி அன்று முழுவதும் பேசவே இல்லை.

கெயிட்டி 1887இல் திறந்தது. உள்ளே சின்ன அரங்கம், லாடம் போல வளைந்த பால்கனி, பேசினால் கடைசி வரிசை வரை கேட்கும். இளவயதில் எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங் இந்த மேடையில் நடித்திருக்கிறார். பல ஆண்டுகள் நடந்த சீரமைப்புக்குப் பிறகு 2009இல் மறுபடி திறந்தார்கள். கட்டணம் கொடுத்து உள்ளே பார்க்கலாம். அதைவிட, அன்று மாலை ஏதாவது நாடகமோ கச்சேரியோ இருக்கிறதா என்று வாசலில் விசாரித்து, இருந்தால் டிக்கெட் வாங்கி உட்காருங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. நாடக அரங்கத்தை நாடகம் நடக்கும்போது பார்ப்பதுதான் மரியாதை.

வைஸ்ராய் மாளிகை ஊரின் மேற்குக் கோடியில் அப்சர்வேட்டரி குன்றின் மேல் இருக்கிறது. மாலிலிருந்து தேவதாரு மரங்களுக்கு நடுவே நடக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முடியாதவர்கள் பாலுகஞ்ச் வரை பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போய்க் கடைசி ஏற்றத்தை மட்டும் நடக்கலாம். திங்கட்கிழமை விடுமுறை. காலையிலேயே போய்விடுங்கள். உள்ளே கூட்டம் கூட்டமாக வழிகாட்டியோடுதான் விடுவார்கள், கோடையில் மதியத்துக்கு மேல் வரிசை நீண்டுவிடும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. சில அறைகள் மட்டும்தான் காட்டுவார்கள் என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் புத்தகக் கடையும் காபிக் கடையும் இருக்கின்றன. காத்திருக்கும் நேரத்தில் அங்கே வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் அந்தச் சில அறைகளே போதும்.

1888இல் வைஸ்ராய் டஃபரின் பிரபு குடிபுகுந்த மாளிகை இது. மலை மேல் அந்தக் காலத்திலேயே மின்விளக்கு. சுவரெல்லாம் பர்மா தேக்கும் வால்நட்டும் தேவதாருவும். வெளியிலிருந்து பார்த்தால் இங்கிலாந்து கிராமப்புறத்துப் பிரபு வீடு. இதே இர்வின் சென்னையில் குவிமாடமும் வளைவுமாக, இங்குள்ள அரசர்கள் கட்டியது போலக் கட்டினார். எனக்குத் தோன்றுவது இதுதான். சென்னையில் அந்த ஆட்சி நம் பழைய ராஜாக்களின் வாரிசு போலக் காட்சி தர விரும்பியது. சிம்லாவில் அதற்கு யாரிடமும் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை, சொந்த ஊரில் இருப்பது போல இருந்தால் போதும். ஒரே மனிதர் வரைந்த இரண்டு விதக் கட்டடங்களையும் பார்த்தவர்களுக்குத்தான் இது பிடிபடும். சென்னையில் இருப்பவர்கள் சிம்லா கிளம்பும் முன் ஒரு நாள் உயர் நீதிமன்றத்தையும் எழும்பூர் நிலையத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டுப் போங்கள்.

1945 ஜூன் 25 அன்று வைஸ்ராய் வேவல் பிரபு கூட்டிய சிம்லா மாநாடு நடந்தது இந்த மாளிகையில்தான். காங்கிரஸ் தலைவராக மௌலானா ஆசாத் வந்தார், ஜின்னா வந்தார், ராஜாஜியும் வந்திருந்தார். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவுக்கு முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் லீக் மட்டுமே நியமிக்கும் என்று ஜின்னா உறுதியாக நிற்க, ஜூலை 14 அன்று மாநாடு தோல்வி என்று அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1947 மே மாதம், மவுண்ட்பேட்டன் ஆட்சியைக் கைமாற்றும் தன் திட்டத்தை நேருவிடம் காட்டியதும் இங்கேதான். நேரு கொதித்துப் போய் மறுக்க, வைஸ்ராயின் ஆலோசகர் வி.பி. மேனன் சில மணி நேரத்தில் புதுத் திட்டத்தை எழுதினார். கோடிக்கணக்கான மக்களின் வீடு எந்த நாட்டில் இருக்கும் என்பது, இவ்வளவு அமைதியான தோட்டத்துக்கு நடுவே முடிவானது. அந்த அறையில் வழிகாட்டி ஒரு மேசையைக் காட்டிப் பேசும்போது கூட்டத்தில் சளசளப்பு நின்றுபோனது. பஞ்சாபிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவர் குடும்பம் எல்லை தாண்டி வந்தது என்று பேத்தி பிறகு சொன்னாள்.

விடுதலைக்குப் பின் குடியரசுத் தலைவரின் கோடை இல்லமாக இருந்த இந்த மாளிகையைக் கல்விக்குக் கொடுத்தவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். 1965 அக்டோபர் 20 அன்று இந்திய உயர் ஆய்வு நிறுவனம் இங்கே தொடங்கியது. வைஸ்ராய் விருந்து வைத்த கூடமும் நடனம் ஆடிய கூடமும் இன்று நூலகம். ஓர் அரண்மனைக்கு இதைவிட நல்ல பிற்காலம் கிடைத்துவிடாது.

அதே பக்கத்தில், சௌரா மைதானுக்கு மேலே, மாநில அருங்காட்சியகம். இதுவும் திங்கள் விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சம். சிம்லா வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மால் ரோடு வெள்ளைக்காரன் கட்டியது. அவனுக்கு முன்னாலும் இந்த மலையில் மக்கள் வாழ்ந்தார்கள், வரைந்தார்கள், நெய்தார்கள். அதைப் பார்க்கும் இடம் இது. குலேர், காங்ரா, பசோலி என்று சின்னச் சின்ன மலை அரசுகளில் வளர்ந்த பஹாடி நுண்ணோவியங்கள், திருவிழாவில் தேர்போல் எடுத்துச் செல்லும் தெய்வங்களின் உலோக முகங்கள், மரச் சிற்பங்கள்.

எனக்குக் கால் நகராமல் போனது சம்பா ருமால் முன்னால். கைக்குட்டை அளவில் தொடங்கிப் பெரிய விரிப்பு வரை மெல்லிய துணியில் பட்டு நூலால் தைத்த படங்கள். கண்ணனின் ராசலீலை, ருக்மிணி கல்யாணம், வேட்டை. ஓவியர் கரியால் கோடு வரைந்து கொடுப்பார், பெண்கள் தைப்பார்கள். முறுக்காத பட்டு நூலை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழும்படி தைப்பதால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்ல முடியாது. முடிச்சே தெரியாது. கல்யாணத்தில் சீர்த்தட்டுகளை மூட இதைப் பயன்படுத்தினார்கள். கடையில் சம்பா ருமால் என்று யாராவது நீட்டினால் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நூல் ஓடியிருந்தால், முடிச்சு இருந்தால் அது அல்ல. இதற்கும் குல்லு சால்வைக்கும் புவிசார் குறியீடு உண்டு. சந்தேகம் இருந்தால் மாலில் உள்ள அரசு கைவினைக் கடையில் வாங்கிவிடலாம்.

ஜாக்கூ குன்றுக்கு ரோப் கார் இருக்கிறது. அனுமார் கோயில், 108 அடிச் சிலை, சுற்றிலும் குரங்குகள். கண்ணாடி அணிந்தவர்கள் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுங்கள், குரங்கு முதலில் பறிப்பது அதைத்தான். கைத்தடி ஒன்றை ரிட்ஜுக்குப் பக்கத்தில் லக்கட் பஜாரில் வாங்கிக்கொள்ளலாம். மரச்சாமான் கடைகளுக்குப் பெயர்போன தெரு அது. நாங்கள் வாங்கிய தடி குரங்குக்கும் உதவியது, அப்பாவின் முழங்காலுக்கும் உதவியது.

சாப்பாட்டில் சித்து கட்டாயம் சாப்பிடுங்கள். புளிக்க வைத்த கோதுமை மாவுக்குள் வால்நட் அல்லது கசகசா அரைத்து வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றிக் கொடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டாலே குளிர் விலகும். 'தாம்' என்கிற விருந்து, தரையில் வரிசையாக உட்கார்ந்து தைத்த இலையில் சாப்பிடுவது. கல்யாண வீட்டில் சாப்பிட்டால்தான் அதன் முழு ருசி என்கிறார்கள், ஆனால் சில உணவகங்களிலும் கிடைக்கிறது. தயிரில் வெந்த கொண்டைக்கடலை மத்ரா அதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது. காரம் தேடும் நாக்குக்கு முதலில் சப்பென்று இருக்கும், இரண்டாவது கவளத்தில் ஒத்துப்போகும்.

போகும் காலம் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மே, ஜூனில் கூட்டம் தாங்காது. 2018 கோடையில் சிம்லாவில் குழாய்கள் வறண்டு, தயவுசெய்து இப்போது வராதீர்கள் என்று ஊர்க்காரர்களே வெளியூர்க்காரர்களைக் கேட்டுக்கொண்ட நிலை வந்தது. நாம் விடுதியில் திறந்துவிடும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் கீழேயிருந்து பம்பு வைத்து மலை ஏற்றியது. ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு. 2023 ஆகஸ்டில் சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் ஒரு சிவன் கோயிலே சரிவில் புதைந்து பலர் இறந்தார்கள். மலை ரயில் தண்டவாளம் அடியில் மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை, அல்லது அக்டோபர், நவம்பரில் போங்கள். வானம் தெளிவாக இருக்கும், பனிமலைகள் தெரியும், வார நாளாக இருந்தால் மாலிலும் நிம்மதியாக நடக்கலாம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், அதை குஃப்ரியில் குதிரை சவாரிக்குக் கொடுக்காமல், நார்கண்டா வழியாகத் தானேதார், கோட்கர் பக்கம் போங்கள். சிம்லாவிலிருந்து 80 கிலோமீட்டர் அளவு. அங்கேதான் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் வந்து தங்கி, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, 1916 வாக்கில் புதுரக ஆப்பிள் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டார். இமாச்சல் ஆப்பிள் என்று நம் ஊர்ச் சந்தையில் வாங்குவதன் தொடக்கம் அந்தத் தோட்டங்கள். அவரை நான் நினைப்பது ஆப்பிளுக்காக மட்டும் அல்ல. துரைமார் பயணம் போகும்போது அவர்கள் சாமானை மலைக் கிராமத்தார் கூலியில்லாமல் சுமந்தே ஆக வேண்டும் என்று 'பேகார்' என்ற கட்டாய வேலை இருந்தது. விதைப்பு, அறுவடை எதுவானாலும் போட்டுவிட்டுப் போக வேண்டும். 1920, 21இல் ஊர் ஊராக மக்களைத் திரட்டி அதை எதிர்த்தவர் ஸ்டோக்ஸ். பேகார் அந்தப் பகுதியில் ஒழிந்தது. விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்து சிறைக்கும் போனார், பின்னாளில் இந்து மதத்துக்கு மாறி சத்யானந்த் ஆனார். அவர் கட்டிய கோயிலில் மர வேலைப்பாட்டில் கீதை, உபநிடத வாசகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஏப்ரலில் போனால் தோட்டமெல்லாம் பூத்திருக்கும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஆப்பிள் லாரிகள் சாலையை அடைத்துக்கொள்ளும். சிம்லாவில் காலையில் பஸ் பிடித்தால் அன்றே திரும்பலாம். ஆனால் வயதானவர்கள் இருந்தால் ஒரு இரவு அங்கேயே தங்குங்கள், கிராமத்து வீடுகளில் அறை கிடைக்கிறது. அங்கேயும் மறக்காமல் கேளுங்கள், சாலையிலிருந்து எத்தனை படி என்று.